சுருக்குப்பையில் கல்கண்டு

எங்கள் கடையில் யாரும் கல்கண்டைச் சேர்த்து வைக்கிற வழக்கமில்லை. கையில் விழுந்ததும் வாயில் போட்டுக் கடித்துவிடுவோம். உஸ்மான் ரோட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி காட்டுகிறவர்களுக்கு இனிப்பாக ஒன்று வாயில் விழுவதே பெரிய சமாசாரம். உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சட்டம் வந்தது. ஸ்டூலும் வந்தது. உட்காரத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

பட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அன்புக்கரசி மட்டும் கல்கண்டை வாய்வரை கொண்டுபோவாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னச் சுருக்குப்பைக்குள் அதைப் போட்டுவிடுவாள். அவளுக்கு நேர் எதிரே பிளவுஸ் பிட் கவுண்டரில் நிற்பவள் நான். என் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

"இன்னா அரசி, பாயசம் வெக்கவா சேக்கிறே? ஒரு நாள் எங்களையும் கூப்பிடு" என்று கிண்டல் செய்வேன். அவள் சிரிப்பாள். சரியான கஞ்சப் பிசினாறி என்று நினைத்துக்கொள்வேன்.

கல்கண்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் முகூர்த்தப் பட்டு முடிவானதும், அதைக் காட்டிக்கொடுத்தவள் கையில் கல்கண்டு வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இதோடு எங்கள் முதலாளி பொன்னுலிங்கம் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் இன்னொன்றும் உண்டு. கல்யாணக் கூட்டத்துக்கு முதல் புடவையின் மடியை எந்தக் கை பிரிக்கிறதோ, அதே கைதான் கடைசிவரை காட்ட வேண்டும். நடுவில் கை மாறினால் கல்யாணத்துக்கு ஆகாது. பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனதற்கே எங்களில் சிலர் பாட்டு வாங்கியிருக்கிறோம்.

புதிதாக வருகிறவர்களை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பூஜையில் அண்ணாச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தன் கையால் வெற்றிலையும் கல்கண்டும் கொடுப்பார். எல்லோரும் பார்க்க அதை வாயில் போட்டுக்கொண்டால் அவள் கடையின் ஆள், வேலை நிரந்தரம். கூப்பிடாவிட்டால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று பொருள். யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள்.

அன்புக்கரசியின் கை நல்ல கை. ஒரு உதறலில் புடவையை விரித்தால் முந்தானை சரியாக வாங்குகிறவள் மடியில் வந்து விழும். "இது உங்களுக்கு எடுக்காதும்மா, அந்தப் பச்சையைப் பாருங்க" என்று உண்மையைச் சொல்லிவிடுவாள். அதனாலேயே அவளைக் கேட்டு வருகிறவர்கள் உண்டானார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. நான் பொய் சொல்லித்தான் விற்பேன்.

ஒரு நாள் மத்தியானம் என் கவுண்டருக்குப் பக்கத்திலிருக்கும் டிரையல் ரூமில் கண்ணாடி துடைக்கிற துணியை எடுக்கத் திரையை விலக்கினேன். உள்ளே அன்புக்கரசி முந்தானையை ஒதுக்கிக்கொண்டு வயிற்றில் பேனா மாதிரி ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் கத்தப் போனேன். பேனாவை எடுக்காமலே இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதக்கா. சுகர் ஊசி."

"உனக்கா? உனக்கு இன்னாடி வயசாச்சு?"

"பத்து வயசுலயே வந்துச்சுக்கா. இது வேற சுகர். மாத்திரைக்குக் கேக்காது. ஊசி போட்டாத்தான் சோறு."

அன்று அவள் சாப்பிட்டு வந்த பிறகு, என் கவுண்டருக்குக் கீழே குந்திக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பத்து வயதுப் பெண் ஊசியைப் பார்த்து ஓடி ஒளிவாளாம். அவள் பயம் தெளியட்டும் என்று, அவர் தினமும் மருந்தில்லாத ஊசியைத் தன் வயிற்றில் முதலில் குத்திக் காட்டுவாராம். "வலிக்கல பாரு, நைனா அழுவுறனா?" என்று கேட்பாராம். அவருக்கு வலித்தது என்று இவளுக்குத் தெரியும். அவருக்காக இவளும் அழாமல் குத்திக்கொண்டாள். அந்த மனிதர் இப்போது இல்லை. ஊசி போடுகிற ஒவ்வொரு வேளையும் அவர் முகம் வந்துவிட்டுப் போகும் என்றாள்.

"அப்போ கல்கண்டு?" என்றேன்.

"ஊசி போட்டு சாப்பாடு லேட்டானா சுகர் சர்ருனு எறங்கிடும்க்கா. கை நடுங்கும், வேர்க்கும், வாயி கொழறும். அப்ப உடனே இனிப்பு வேணும். இல்லாங்காட்டி உழுந்துடுவேன். அதுக்குத்தான் சேத்து வெக்கிறேன்."

நான் கஞ்சப் பிசினாறி என்று நினைத்தது இதைத்தான். நகரத்தின் கல்யாணப் பெண்களெல்லாம் கொடுத்த இனிப்பை அவள் உயிருக்குக் காவலாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

முன்பு மயிலாப்பூரில் ஒரு சின்னத் துணிக்கடையில் இருந்தாளாம். ஒரு நாள் இப்படித்தான் சர்க்கரை இறங்கி, வாடிக்கைக்காரரிடம் ஏதோ உளறியிருக்கிறாள். கடைக்காரர் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாராம், குடித்திருக்கிறாளா என்று. அத்தோடு அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு கடைகளில் வேலை கேட்கப் போனபோது முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியும் அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. கணவன் ஜவஹர் ஓட்டுவது வாடகை ஆட்டோ. அவன் ஒருவன் உழைப்பில் ஓடாது. ஆகவே எங்கள் கடையில் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊரில் யாருக்குச் சர்க்கரை இல்லை? எங்கள் அண்ணாச்சிக்கே இருக்கிறது. சர்க்கரை போடாத டீயை ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரிதான் கேட்டு வாங்குவார். முதலாளிக்கு வந்தால் அது ஒரு கௌரவம். புடவை மடிக்கிறவளுக்கு வந்தால் குற்றம்.

மேல்மாடியில் நாங்கள் பை வைக்கிற அறைக்குத் தகரக் கூரை. அந்தச் சூட்டில் ஊசி மருந்து கெட்டுவிடும். ஏசி காற்று நேராக விழுகிற என் கவுண்டரின் கீழ் டிராயரில் ஊசிப் பேனாவை வைக்கச் சொன்னேன். சிவப்பு பிளவுஸ் பிட்டுகளுக்கு அடியில் அது பத்திரமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு முறை வந்ததும் அவள் வருவாள், டிரையல் ரூமுக்குள் நுழைவாள். நான் திரைக்கு வெளியே நின்று யாருக்கோ அளவு பார்க்கிற மாதிரி பாவனை செய்வேன். பிறகு மாடிக்குச் சாப்பிடப் போவாள். வாரக்கணக்கில் இது ஒழுங்காக நடந்தது.

ஆவணி முகூர்த்தக் கூட்டம் தொடங்கியது. அவளுடைய மூன்று மாதம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு முந்தின புதன்கிழமை, வாசலில் வைத்திருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம் என்று ஒரே களேபரம். எங்கள் மாடிக்குப் பொறுப்பாளரான ஸ்ரீநாத் நல்ல மனிதர்தான். ஆனால் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவருக்கு வியர்க்கும். இடுப்பில் பர்ஸ், பை எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லோரிடமும் வாங்கி மேலே பூட்டிவிட்டார். அன்புக்கரசியின் சுருக்குப்பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"இதுல என்னம்மா, கல்கண்டா? சின்னப் பிள்ளை மாதிரி!"

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் வேண்டும் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு நாள்தான். பையைக் கொடுத்துவிட்டாள். சிமிழ் மறுநாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

பையைப் பூட்டிய அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவள் ஊசி போட்டுக்கொண்டு டிரையல் ரூமைவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் கால் வைத்தாள். பின்னாலிருந்து ஸ்ரீநாத் குரல் கொடுத்தார்.

"அன்புக்கரசி! மயிலாப்பூர் பார்ட்டி. உன் பேரைச் சொல்லிக் கேக்கறாங்க. வா, வா!"

அவள் தயங்கியது எனக்குத் தெரிந்தது. கூறைப்புடவைக்காரர்கள். வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருக்கிறது. முதல் புடவையை விரித்துவிட்டு, அவர்கள் யோசிக்கிற நேரத்தில் ஓடிப்போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். போய் முதல் மடியைப் பிரித்தாள். பிரித்தாயிற்று, இனி கை மாறக் கூடாது.

வந்தவர்கள் காமாக்ஷி மாமியும், தரமணியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் பெண் ஷ்ரேயாவும். மாமி கோயிலில் அம்பாளிடம் வைத்துக் கொண்டுவந்த கல்கண்டை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் கவுண்டர் மேல் வைத்தார். புடவை முடிவானதும் கொடுக்க வேண்டியது.

மாமி யோசிக்கிற ஆளாக இல்லை, பேசுகிற ஆளாக இருந்தார். அரக்கு வேண்டும் என்றார். அரக்கு வந்ததும், "இது ரொம்ப இருட்டா இருக்கே. எங்காத்து மாப்பிள்ளை நல்ல சேப்பு. ஜோடியா நின்னா எடுக்க வேண்டாமா?" என்றார். மாம்பழ வண்ணம் வந்தது. பெண் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்றால் அம்மா இன்னொன்று என்பார். புடவைகள் குவிந்தன. அன்புக்கரசி ஒன்றைத் தன் மேல் வைத்துக் காட்டித் திரும்பினாள். அந்த ஏசியில் அவள் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் முன்னால் ஒரு பெண் பதினைந்து பிளவுஸ் பிட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவளை அப்படியே விட்டுவிட்டு ஸ்ரீநாத்திடம் ஓடினேன்.

"சார், அவ இன்னும் சாப்பிடல சார். ரெண்டு நிமிசம் அனுப்புங்க."

"யாருதான் சாப்பிட்டாங்க? முதல் கை அவதான். போங்கம்மா."

நான் திரும்பிப் பார்த்தபோது அன்புக்கரசி மயில் கழுத்து வண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது மாம்பழம்" என்று சொன்னாள். குரல் குழறியது. மாமி முகத்தைச் சுளித்தார். புடவையைப் பிடித்திருந்த விரல்கள் தனியாக ஆடின. கிண்ணம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். முடிவாகாத புடவைக்கு முன்னால், வாடிக்கைக்காரர் கொண்டுவந்த பிரசாதத்தில், வேலைக்காரி கை வைப்பதா? எங்கள் கடையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதைச் செய்தால் வெள்ளிக்கிழமை இல்லை. செய்யாவிட்டால் அந்தப் பட்டுக் குவியல் மேலேயே விழுவாள். ஊர் வந்து மறுபடியும் முகர்ந்து பார்க்கும்.

அவள் கையை நீட்டி ஒரு பிடி அள்ளினாள். வாயில் போட்டு நறநறவென்று கடித்தாள்.

"ஐயையோ!" என்று மாமி எழுந்துவிட்டார். "அம்பாள் பிரசாதம்! இன்னும் பொடவையே எடுக்கலையேடி!"

ஸ்ரீநாத் பாய்ந்து வந்தார். "என்ன காரியம் பண்றே நீ? அறிவிருக்கா?"

அன்புக்கரசி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு சர்க்கரை கீது சார். சின்ன வயசிலருந்து. ஊசி போட்டுட்டேன், சாப்பிடல. இத்த துன்னலன்னா உழுந்துருப்பேன். மன்னிச்சுக்கோங்கம்மா. பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதும்மா."

கடைசி வார்த்தையில்தான் அழுதாள். தன் வேலைக்காக அழவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தன்னால் ஏதோ கெட்டது வந்துவிட்டதாக அவளே நம்பிவிட்டாள். அதைக் கேட்டு எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் லேசில் அழுகிறவள் இல்லை.

முதலில் அசைந்தது கல்யாணப் பெண்தான். ஷ்ரேயா கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள். "இன்னும் எடுத்துக்கோங்க. தண்ணி வேணுமா?" என்று தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவளை உட்கார வைத்தேன். அந்த மாடியில் ஸ்டூல் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஸ்ரீநாத் அசடு வழிந்தார். "மாமி, வேற பொண்ணைக் காட்டச் சொல்றேன். நீங்க உக்காருங்க."

மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். "வேற பொண்ணா? முதல் மடி பிரிச்ச கை மாறப்படாதுன்னு நீங்கதானே சொல்வேள்? கல்யாணக் காரியம். அவளே வரட்டும்." பிறகு அன்புக்கரசியின் பக்கம் குனிந்தார். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது. "ஊசியைப் போட்டுண்டு சாப்பிடாம யாராவது வருவாளோ? போ. நிதானமா சாப்டுட்டு வா. நாங்க இங்கேயே உக்காந்துண்டிருக்கோம்."

சொன்னபடியே உட்கார்ந்திருந்தார்கள். கை நடுக்கம் நின்ற பிறகு அவளை நான்தான் மாடிக்குக் கூட்டிப்போனேன். தயிர்சாதத்தைக் குழந்தை மாதிரி குனிந்து சாப்பிட்டாள். திரும்பி வந்து, முதலில் விரித்த அரக்குப் புடவையையே மறுபடி எடுத்து ஷ்ரேயாவின் தோளில் போட்டாள். "இதாம்மா" என்றாள். மாமிக்கும் இந்த முறை இருட்டாகத் தெரியவில்லை. முறைப்படி அவள் கையில் கல்கண்டு வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏன்டி, சாப்பிடலையா?"

"அப்ப சாப்ட்டதே போதும் மாமி. இது அடுத்த தபாக்கு."

மாமி சிரித்துவிட்டார். கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் அவள் முந்தானையில் கொட்டினார்.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். மருந்து என் டிராயரில் இருந்தது தெரிந்துபோய், ஒளித்து வைத்தவள் என்று என்னையும் சேர்த்து. அவர் மேசையில் சர்க்கரை போடாத டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாத்திரை டப்பா.

"முதல்லயே சொல்லிருக்கலாம்லாம்மா?" என்றார். "எனக்கும்தான் சுகர் இருக்கு. நான் மறைக்கேனா?"

"நீங்க யார்கிட்டயும் வேலை கேக்கலியே அண்ணாச்சி" என்றாள் அன்புக்கரசி.

குரலில் துடுக்கு இல்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே பட்டாசு வெடித்தது. அண்ணாச்சி டீயைக் கையில் எடுத்துவிட்டுக் குடிக்காமல் வைத்தார்.

"சொன்னா நாங்க என்ன, தொரத்தியா விட்டுருவோம்?"

"ரெண்டு கடையில சொன்னேன் அண்ணாச்சி. ஒண்ணு உங்களோட இன்னொரு கடை, பாண்டி பஜார்ல. அன்னிக்கு அங்க நீங்கதான் இருந்தீங்க. சொல்லி அனுப்புறேன்னு சொன்னீங்க."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தினமும் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரோ. மாத்திரை டப்பாவைத் திறந்து மூடினார். பிறகு, "போங்க, கவுண்டரைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்று பஸ் ஸ்டாப்பில் அவள் என்னிடம் சொன்னாள். "போனா போவட்டும்க்கா. ஆனா இன்னிக்கு சத்தமா சொல்லிட்டேன் பாரு, அதுவே நல்லா கீது." சொல்லிவிட்டு எங்கோ பார்த்தாள். நல்லாயில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வேலையும் போனால் மறுபடி எந்தக் கடையில், எதைச் சொல்லி, எதை மறைத்துக் கேட்பது?

வெள்ளிக்கிழமை பூஜைக்கு எல்லோரும் வரிசையாக நின்றோம். சாம்பிராணிப் புகை ஏசி குளிரில் கலையாமல் நின்றது. அண்ணாச்சி கற்பூரம் காட்டினார், தட்டைக் கையில் எடுத்தார், வேறொரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். அவள் போய் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்தார். அன்புக்கரசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்புக்கரசி."

அவள் நிமிரவில்லை. நான் முதுகில் ஒரு குத்து விட்டேன். போய் அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் ஏந்தினாள். வெற்றிலை விழுந்தது. கல்கண்டு விழவில்லை. அண்ணாச்சி ஸ்ரீநாத்தைத் திரும்பிப் பார்த்தார். ஸ்ரீநாத் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அது அவர் பூட்டி வைத்திருந்த அவளுடைய சுருக்குப்பை.

அண்ணாச்சி அதன் வாயைத் தன் விரலாலேயே அகட்டி, கல்கண்டை உள்ளே போட்டார். கயிற்றை இழுத்து மூடி அவள் கையில் கொடுத்தார்.

"இடுப்புல கட்டிக்கோ" என்றார். "கடையில இருக்க நேரமெல்லாம் இது உன் இடுப்புலதான் இருக்கணும். ஸ்ரீநாத்து, இந்தப் பிள்ளைக்கு இனிமே சாப்பாட்டுல முதல் பந்தி. எந்தக் கல்யாணம் வந்தாலும் சரி."